ஃபார்ச்சூனரை 50 மி.மீ. உயர்த்தினால் அடியில் என்னென்ன மாறும்?

ஷாக் அப்சார்பரை மாற்றினால் வண்டி உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வதும் ஸ்பிரிங்தான். வாங்கியதைத் திருப்பித் தள்ளி வண்டியை ஆட விடாமல், அந்த ஆற்றலை எண்ணெய்க்குள் வெப்பமாக மாற்றித் தொலைப்பது ஷாக்கின் வேலை. பார்க்கப்போனால் பெயரே தப்பு.

ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. 25 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்த ஷாக்கில் தண்டு 14 மி.மீ. தடிமன் என்றால், அந்த வாயு தண்டை வெளியே தள்ளும் விசை சுமார் 385 நியூட்டன். ஏறக்குறைய 39 கிலோ எடைக்குச் சமம். அதனால் வண்டி அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை எழும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கில்தான் கை வைக்க வேண்டும்.

ஃபார்ச்சூனரின் பின்பக்கம் எளிமையானது: முழு ஆக்சில், இருபுறமும் காயில் ஸ்பிரிங், ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்க நான்கு கைகள், பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு குறுக்குக் கம்பி. ஒரு பின்சக்கரத்தின் மேல் 400 கிலோ உட்கார்ந்திருக்கிறது, ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்க 40 நியூட்டன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கும்போது ஸ்பிரிங் 98 மி.மீ. அமுங்கியிருக்கும். அதே நீளத்தில் 50 நியூட்டன் ஸ்பிரிங்கைப் போட்டால் 78 மி.மீ.தான் அமுங்கும். ஆக, விறைப்பு கூடியதிலேயே 20 மி.மீ. உயரம் வந்துவிட்டது. மீதி 30-ஐ ஸ்பிரிங்கின் நீளத்தைக் கூட்டி எடுக்கிறார்கள்.

இதனால்தான் லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு) விற்பவர் முதலில் உயரத்தைக் கேட்கக் கூடாது, சுமையைக் கேட்க வேண்டும். இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவடச் சுருள்), கூரைக் கேரியர், பின்னால் எப்போதும் கிடக்கும் கேம்பிங் சாமான் என்று எல்லாவற்றையும் எடை போட்டுச் சொன்னால்தான் சரியான ஸ்பிரிங் கிடைக்கும். 100 கிலோ கூடுதல் சுமைக்கென்று செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் மாட்டினால் உயரம் தாராளமாகக் கிடைக்கும். கூடவே ஒவ்வொரு சிறு பள்ளமும் முதுகுத்தண்டில் பதியும்.

ஸ்பிரிங் விறைத்தால் ஷாக்கும் மாற வேண்டும். மேலே சொன்ன 400 கிலோ, 40 நியூட்டன் கணக்கில், சக்கரம் ஒருமுறை அசைந்து மறு ஆட்டம் இல்லாமல் நிற்கத் தேவையான அடக்கும் திறன், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 8000 நியூட்டன். அவ்வளவும் கொடுத்தால் பயணம் மாட்டுவண்டி ஆகிவிடும். அதனால் கம்பெனிகள் அதில் 30 சதவீதம் அளவில், அதாவது 2400 நியூட்டனில், நிறுத்திக்கொள்கின்றன. ஸ்பிரிங்கை 50-க்கு மாற்றினால் அந்த 8000 கிட்டத்தட்ட 8900 ஆகிறது. பழைய ஷாக்கோ அதே 2400-இல் நிற்கிறது. பங்கு 27 சதவீதத்துக்கு இறங்குகிறது. 80,000 கி.மீ. ஓடி எண்ணெய் கசிந்த ஷாக்காக இருந்தால் இன்னும் கீழே. வேகத்தில் ஒரு மேட்டைத் தாண்டியதும் வண்டி ஒருமுறை எழுந்து அமர்வதற்குப் பதில் இரண்டு மூன்று முறை தலையாட்டினால் காரணம் இதுதான். குறிப்பாக, ஷாக் நீளும்போது தரும் எதிர்ப்பு போதாது. அமுங்கிய ஸ்பிரிங் சேமித்த ஆற்றல் வெளியே வருவது அந்த நேரத்தில்தான்.

ஷாக்கிலும் இரண்டு சாதி. கம்பெனியிலிருந்து வருவது பெரும்பாலும் இரட்டைக் குழாய்: உள்ளே ஒரு குழாயில் பிஸ்டன், வெளிக் குழாயில் உபரி எண்ணெய், அதன் மேலேயே வாயு. மாஞ்சோலை மாதிரியான கரடுமுரடு எஸ்டேட் சாலையில் ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டினால் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைக்கும். நுரை துளைகளில் எதிர்ப்பில்லாமல் நழுவிப் போகும். ஷாக் இருந்தும் இல்லாத மாதிரி. ஒற்றைக் குழாய் ஷாக்கில் வாயுவை ஒரு மிதக்கும் பிஸ்டன் தனியாகப் பிரித்து வைக்கிறது. வெப்பமும் ஒரே சுவரைத் தாண்டி நேராகக் காற்றுக்குப் போய்விடும். அதன் பலவீனம் அந்தச் சுவர்தான். ஒரு கல் பட்டு நெளிந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய் அதே அடியைத் தாங்கி வீடு வரை வந்து சேரும். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமே ஓடும் வண்டிக்கு நல்ல இரட்டைக் குழாயே போதும், கூடுதல் பணம் வீண்.

முன்பக்கம்தான் தலைவலி. அங்கே சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்க மேலே ஒன்று (அப்பர்), கீழே ஒன்று (லோயர்) என இரண்டு ஆர்ம், நடுவில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கோத்த ஸ்ட்ரட். அதன் அடிப்பாகம் லோயர் ஆர்மின் ஏறக்குறைய நடுவில் உட்கார்வதால், ஸ்ட்ரட் ஒரு பங்கு அசைந்தால் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டு பங்கு அசையும். 50 மி.மீ. உயர்த்த 50 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளியைக் கூட்டும் வட்டு) வாங்கி மாட்டிவிட்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வண்டியோடு திரும்பி வருவோர் உண்டு. அங்கே தேவை 25 மி.மீ. சொச்சம்தான்.

அந்த 25 மி.மீ.-ஐ எங்கே வைக்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் வட்டாகவே வைத்தால் செலவு குறைவு. ஆனால் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது முன்பைவிட 50 மி.மீ. கீழே போகும், அப்பர் ஆர்மின் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) தன் எல்லையில் முட்டும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயிண்டில் கோணம் கூடும். முழுதாக அமுங்கும்போதோ, கடைசி இடியைத் தாங்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப் தொடும் முன்பே ஷாக் உள்ளே இரும்போடு இரும்பு மோதலாம். மாறாக, ஷாக்கின் உடலில் ஸ்பிரிங் உட்காரும் தட்டை மேலேற்றினால் ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்குகிறது. ‘ஸ்பிரிங் டைட் ஆகி முரடாகிவிடும்’ என்பார்கள், அது தவறு. நிற்கும் வண்டியில் ஸ்பிரிங் தாங்குவது அதே எடைதான், விறைப்பும் அதேதான். மாறுவது வேறொன்று. ஷாக்கின் முழு நீளம் கூடாததால், சக்கரம் கீழே இறங்க முன்பு 90 மி.மீ. இருந்தது என்றால் இப்போது 40 மட்டுமே மிச்சம். ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டி இறங்கும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது ஷாக் நீள இடமில்லாமல் உள்ளே முட்டும் சத்தம். உயர்த்திய அளவுக்கு ஏற்ப நீளமான ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும் செட்டுக்குத்தான் காசு கொடுக்கலாம்.

வேலையைத் தொடங்கும் முன் நான்கு சக்கரத்திலும் வீலின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். ஸ்ட்ரட்டின் மேலே இருக்கும் மூன்று நட்டுகளைத்தான் கழற்ற வேண்டும். நடுவில் உள்ள பெரிய நட்டு, அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியை மாட்டாமல் அதைத் தளர்த்தினால் உயிருக்கே ஆபத்து. சக்கரப் பகுதியை பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். வெளியே அதிகம் சாய விட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் கழன்றுவிடும்.

கட்டாயம் பார்க்க வேண்டிய ஓர் இடம், ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை இறுக்கினால், இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர் அந்தத் தொங்கும் நிலையையே தன் இயல்பாகப் பிடித்துக்கொள்கிறது. தரையில் இறக்கியதும் எப்போதும் முறுக்கேறிய நிலையிலேயே இருந்து, சில மாதத்தில் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றி, வண்டியை நாலு சக்கரத்தில் நிறுத்தி, இரண்டு முறை அமுக்கிவிட்டு, அதன் பிறகு டார்க் ரெஞ்சில் (குறித்த அளவு விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். அவசரக் கடைகளில் தவறுவது இதுதான்.

பின்னால் குறுக்குக் கம்பியும் ஒரு வேலை பண்ணும். கம்பி 900 மி.மீ. நீளம், முனைகளுக்கிடையே 50 மி.மீ. சரிவு என்று கொள்ளுங்கள். வண்டியை 50 உயர்த்தினால் சரிவு 100 ஆகிறது, கம்பியின் கிடைமட்ட வீச்சு 4 மி.மீ. குறைகிறது. அந்த 4 மி.மீ. அளவு ஆக்சில் ஒரு பக்கமாக நகரும். கண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். 100 மி.மீ. உயர்த்தினால் நகர்வு 11 மி.மீ.; அப்போது நீளம் மாற்றக்கூடிய கம்பி தேவை.

அலைன்மெண்ட்டைத் தவிர்க்க முடியாது. முன்பக்கம் உயர்ந்ததும் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) மூன்றும் மாறும். காஸ்டர் குறைந்தால் வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. நெடுஞ்சாலையில் வண்டி அலையும். லோயர் ஆர்மின் கேம் போல்ட்டை (சுழற்றினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் பழைய வண்டிகளில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். கிட் வாங்கும் முன்பே அது சுழல்கிறதா என்று பாருங்கள். 50 மி.மீ.-ஐத் தாண்டினால் காஸ்டரை மீட்க வேறு அப்பர் ஆர்ம் தேவைப்படும். ஹெட்லைட்டையும் இறக்க வேண்டும், எதிரே வருபவர் கண்ணுக்காக.

இத்தனைக்குப் பிறகும் பின் டிஃபரன்ஷியல், அதாவது ஆக்சிலின் நடுவில் குடம்போல் தொங்கும் பற்சக்கரப் பெட்டி, ஒரு மி.மீ.கூட உயர்ந்திருக்காது! அது ஆக்சிலிலேயே இருக்கிறது. ஸ்பிரிங் உயர்த்துவது அதற்கு மேலுள்ள சேசிஸையும் பாடியையும்தான். பாறை இடிப்பது அந்தக் குடத்தில் என்றால் பெரிய டயர் ஒன்றே வழி. 265/65 17 அங்குல டயரின் விட்டம் 776 மி.மீ., 265/70 என்றால் 803. ஆக்சில் 13 மி.மீ. எழும். பதிலாக ஸ்பீடோமீட்டர் 3.4 சதவீதம் குறைத்துக் காட்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்து ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே ஸ்பிரிங்குக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. புது ஸ்பிரிங் முதல் சில வாரத்தில் கொஞ்சம் அமரும். 1000 கி.மீ. கழித்து எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பார்த்து, முதலில் எழுதி வைத்த நான்கு அளவுகளையும் மறுபடி எடுங்கள். உண்மையில் எத்தனை மி.மீ. உயர்ந்தது என்பது அப்போதுதான் தெரியும்.