தடைக்காலத்தில் ரீசார்ஜ் தீர்ந்த எண் என்ன ஆகிறது?

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பாம்பன், மண்டபம், ராமேசுவரம், தொண்டி என்று எந்தத் துறையை எடுத்துக்கொண்டாலும், படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் முதலில் நிறுத்தப்படும் செலவுகளில் ஒன்று செல்போன் ரீசார்ஜ். ‘கடலுக்குப் போனதும் போட்டுக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் அட்டை, கேஸ் புத்தகம் எல்லாம் அந்த ஒரு எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. எண் வீட்டுப் பட்டா மாதிரி. தொலைத்தால் மீட்பது பெரும்பாடு.

என்ன நடக்கிறது என்று தேதி போட்டுப் பார்ப்போம். 28 நாள் திட்டம் ஏப்ரல் 14ஆம் தேதி முடிகிறது. அன்றே வெளியே பேசுவது நின்றுவிடும். உள்ளே வரும் அழைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் சில நாட்கள் வரை ஓடி, அதுவும் நிற்கும். ஏப்ரல் 21 என்று வையுங்கள். அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா எதுவுமே நடக்காத நாட்கள் அன்றிலிருந்து எண்ணப்படும். 90 நாள் ஆனால் எண்ணைத் துண்டிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அது ஜூலை 20. தடைக்காலம் ஜூன் 14ல் முடிகிறதே, அதற்கப்புறம் ஒரு மாதம் இருக்கிறதே என்று தோன்றும். முதல் சில நடைகளின் பங்கு படகுக்காரரிடம் வாங்கிய முன்பணத்துக்கும் கடைக் கடனுக்கும் போய்விடும். ரீசார்ஜ் நினைவுக்கு வரும்போது சிம் செத்திருக்கும்.

துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். இது சட்டப்படி சரியான நடைமுறைதான். ஆனால் வங்கியில் நீங்கள் எண்ணை மாற்றாமல் இருந்தால், உங்கள் ஓடிபி எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். தடைக்கால நிவாரணம் கணக்குக்கு வந்துவிடும், எண் செத்ததால் பணம் நிற்காது. வந்ததே உங்களுக்குத் தெரியாது என்பதுதான் கோளாறு. துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலைப் பார்த்து யுபிஐ இணைப்பை நீக்கும்படி 2025 ஏப்ரல் முதல் வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் கட்டளை இருப்பதால், ஜிபே, போன்பே இரண்டுமே நின்றுபோகும். ஆதாரில் எண் மாற்ற மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கலாம். வங்கிக்குத் தனியாக ஒரு நடை.

இதைத் தடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013ல் கொண்டுவந்த விதிப்படி, 90 நாள் முடியும்போது மெயின் பேலன்சில் 20 ரூபாய் இருந்தால் எண்ணைத் துண்டிக்கக் கூடாது. அந்த 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள். மறுபடி 20 இருந்தால் மறுபடி 30 நாள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: 20 ரூபாய் டாப்அப் போட்டால் வரியும் கட்டணமும் போக ஏறக்குறைய 15 ரூபாய்தான் பேலன்சில் ஏறும். அது பத்தாது. 50 ரூபாய் டாப்அப் போட்டால் சுமார் 39 ரூபாய் ஏறும். தடைக்காலம் தொடங்கும் முன்பு 50 ரூபாய் போட்டு வைத்தாலே எண் தப்பிவிடும். போடுவது டாப்அப்தானா என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், திட்டமாகப் போட்டால் மெயின் பேலன்சில் ஒரு காசும் சேராது. எண் துண்டிக்கப்பட்டுவிட்டாலும் 15 நாளுக்குள் நிறுவனத்தின் கடையில் கேட்டால் 20 ரூபாய்க்கு மேல் போகாத கட்டணத்தில் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நெட் வேண்டாதவருக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. சிறப்புத் திட்டங்களின் கால வரம்பும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்ந்தது. 2025ல் பெரிய தனியார் நிறுவனங்களில் இந்த வகையில் ஒரு வருடமோ அதை ஒட்டியோ ஓடும் திட்டம் 2,000 ரூபாய்க்குள் கிடைத்தது. மாதம் 299 ரூபாய் என்று 28 நாள் திட்டம் போடுகிறவர் வருடத்துக்கு 12 முறை போடுவதில்லை, 13 முறை போடுகிறார். மொத்தம் 3,887 ரூபாய். இந்தத் திட்டங்களைச் செயலியில் கீழே எங்கோ வைத்திருப்பார்கள், கடையிலும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் தந்தே ஆக வேண்டும்.

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கத்துச் சபுராளி (பிழைப்புக்கு வெளிநாடு போனவர்) வீடுகளில் இதே கோளாறு வேறு உருவில் வருகிறது. சவூதிக்கோ துபாய்க்கோ போனவரின் ஊர் சிம் பெட்டியில் கிடக்கும். இரண்டு வருடம் கழித்து விடுமுறைக்கு வரும்போது என்ஆர்ஐ வங்கிக் கணக்குக்குள் நுழைய முடியாது. போகும் முன்பு அந்த சிம்மில் ஒரு வருடத் திட்டம் போட்டு, வெளிநாட்டு ரோமிங் வசதி இருக்கிறதா என்று உறுதி செய்து, அங்கே டேட்டா ரோமிங்கை அணைத்து இரண்டாவது சிம்மாக வைத்துக்கொண்டால் போதும். ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது.

ரீசார்ஜ் விலை ஏன் ஏறுகிறது?

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அன்று ஒரு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது, வரும் அழைப்புக்கும் காசு. 2003ல் வரும் அழைப்பு இலவசமானதும் செல்போன் மீன் சந்தைக்குள் பரவலாக நுழைந்தது. கரைக்கு வரும் முன்பே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு படகைத் திருப்பும் வசதி செல்போனால் வந்ததுதான். ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டியிட்டன. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை அடித்து நொறுக்கியது. தாங்க முடியாத நிறுவனங்கள் ஒன்றொன்றாக விழுந்தன.

தமிழ்நாட்டில் பிறந்து, இந்தக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரி இறுதியில் திவால் மனு கொடுத்தது. சிக்னல் போன பிறகுதான் பலர் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கிளம்பினார்கள். அதற்கான போர்ட் செய்தி அனுப்பக்கூட டவர் இல்லை. வங்கியில் பதிந்த எண்ணை அன்று இழந்தவர்கள் ஏராளம்.

இன்று நாட்டில் 100 கோடிக்கு மேல் செல்போன் இணைப்புகள். அதில் பத்தில் ஏழுக்கு மேல் இரண்டே நிறுவனங்களிடம். 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என மூன்று முறை தனியார் நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விலையை உயர்த்தின. நீங்கள் போடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 15 ரூபாய் 25 காசு ஜிஎஸ்டி. நிறுவனம் தன் வருவாயில் 8 சதவீதத்தை உரிமக் கட்டணமாகக் கட்டுகிறது. அதில் 5 சதவீதம், சிக்னல் போகாத ஊர்களுக்கு டவர் வைப்பதற்கான நிதிக்குச் சேர்கிறது. டிஜிட்டல் பாரத் நிதி என்று இப்போது அதற்குப் பெயர். ஆகவே வாலிநோக்கம், மூக்கையூர், முள்ளிமுனை மாதிரி ஊர்க்காரர்கள் சிக்னல் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. அதற்கான பணத்தை ஒவ்வொரு ரீசார்ஜிலும் அவர்களும்தான் கட்டுகிறார்கள். தனியார் நிறுவனம் தானாக வந்து டவர் வைக்காததற்குக் காரணம் எளிது: உள்நாட்டு ஊரில் ஒரு டவர் நான்கு பக்கமும் ஆட்களுக்குச் சேவை தரும், கடற்கரை டவரின் வட்டத்தில் பாதி கடல்.

டவரும் கடலும்

சிம் வாங்கும்போது விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் வீட்டுக்கும் துறைக்கும் எந்த டவர் எட்டுகிறது என்று பாருங்கள். எங்கெங்கே 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். அதில் பச்சையாக இருந்தாலும் வீட்டுக்குள் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போன் பலவற்றில் டயல் பக்கத்தில் *#*#4636#*#* என்று அடித்தால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். 4ஜியில் −85 பக்கம் இருந்தால் நல்லது. −110க்குக் கீழே போனால் பேச்சு வெட்டும். −120ல் ஏலப் பணம் யுபிஐயில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அலைவரிசையும் முக்கியம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், ஓட்டு வீட்டுச் சுவரையும் தாண்டும். 2300, 3500 அலைகளுக்கு வேகம் அதிகம், தூரம் குறைவு. பிஎஸ்என்எல் 4ஜி 700லும் 2100லும் வருகிறது. பழைய 4ஜி போன்கள் சில 700ஐ எடுக்காது. போனில் பேண்ட் 28 (700 அலையின் பெயர்) உண்டா என்று பார்க்காமல் எண்ணை பிஎஸ்என்எல்லுக்கு மாற்றிவிட்டு ‘டவர் இல்லை’ என்று சொல்கிறவர்கள் உண்டு. ஜியோவில் 2ஜியே கிடையாது, பழைய பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது.

கடலில் எவ்வளவு தூரம் வரை கிடைக்கும்? டவர் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அதன் அடிவானம் கிலோமீட்டரில் வரும். 40 மீட்டர் டவருக்கு 26 கிலோமீட்டர். படகில் மூன்று மீட்டர் உயரத்தில் போன் இருந்தால் இன்னொரு 7. ஆக 33 கிலோமீட்டர். இது வெறும் கணக்கு. ஆன்டெனாவைக் கரையில் உள்ள ஊரைப் பார்த்துக் கீழ்நோக்கிச் சாய்த்திருப்பார்கள். போன் திருப்பி அனுப்பும் சக்தி 4ஜியில் 200 மில்லிவாட்தான். டவரின் குரல் போனுக்குக் கேட்கும், போனின் குரல் டவருக்குப் போய்ச் சேராது. திரையில் ஒரு கோடு காட்டியும் அழைப்பு போகாததற்குக் காரணம் இதுதான். கணக்கில் வரும் தூரத்தில் பாதிக்கு மேல் நம்ப வேண்டாம். சிக்னல் தேடித் தேடி போன் முழுச் சக்தியில் கத்துவதால் பேட்டரியும் சீக்கிரம் தீரும். கரை மறைந்ததும் பிளைட் மோடில் போட்டுவிட்டால், திரும்பி வரும்போது விலை கேட்கச் சார்ஜ் இருக்கும். ஆபத்துக்குச் செல்போனை நம்பிப் போகாதீர்கள். விஎச்எப் (கடல் வானொலி) கருவியின் 16ஆம் சேனல், படகில் உள்ள அபாய அறிவிப்புக் கருவி, இரண்டும்தான் கடலுக்கு உரியவை. சிக்னல் இருக்கும் இடத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். தண்ணீருக்கு மேல் அலைக்குத் தடையில்லை. நம் டவர் மங்கும் இடத்தில் இலங்கை நிறுவனத்தின் சிக்னலை போன் பிடித்துக்கொள்ளும், ‘இலங்கைக்கு நல்வரவு’ என்று செய்தியும் வரும். வெளிநாட்டு ரோமிங் திறந்திருக்கும் சிம்மாக இருந்தால் அப்போது போகும் அழைப்புக்கும் டேட்டாவுக்கும் வெளிநாட்டுக் கட்டணம். போஸ்ட்பெய்டு வைத்திருக்கும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பில் வந்த பிறகுதான் தெரியும். டேட்டா ரோமிங்கை அணையுங்கள். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் பெயருக்குப் பதில் எண் வந்தால் 404, 405 என்று தொடங்குவது இந்தியா, 413 இலங்கை. ராமேசுவரம் திரும்பியதும் மறக்காமல் தானியங்கிக்கு மாற்றுங்கள்.

சிம்மை வைத்து நடக்கும் திருட்டு

புது சிம் வாங்கும்போது கைரேகை ‘சரியாக விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்’ என்று சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். வலை இழுத்துத் தேய்ந்த விரல்களிலும் பாசி எடுக்கும் பெண்களின் விரல்களிலும் உண்மையாகவே ரேகை விழாமல் போகும், அதனால் சந்தேகமே வராது. இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் எடுத்து விற்றுவிடுகிறார்கள். மோசடி நடந்தால் போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று தெரியும். தெரியாத எண்ணை ‘என்னுடையது அல்ல’ என்று அங்கேயே குறிக்கலாம். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்பு. தொலைந்த போனை முடக்கவும் இதே தளம்தான். அதற்குப் போலீஸ் புகார் ரசீதும் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயும் வேண்டும். *#06# அடித்து அந்த 15 இலக்கத்தை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

போனில் திடீரென்று சிக்னல் முழுதாகப் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தில் கிடைக்கிறது என்றால், உங்கள் எண்ணில் வேறு யாரோ மாற்று சிம் எடுத்திருக்கக்கூடும். மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராதபடி தடை இருக்கிறது. அந்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்கி, வங்கிக்கும் சொல்லிவிட வேண்டும். பணம் போயிருந்தால் 1930. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பு நிறுத்த வாய்ப்பு அதிகம்.

அதே எண்ணோடு நிறுவனத்தை மாற்ற வேண்டுமென்றால், ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, பத்து இலக்க எண்ணை 1900க்கு அனுப்புங்கள். ரீசார்ஜ் தீர்ந்த எண்ணிலிருந்தும் இந்தச் செய்தி போக வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் சொல்லிவிட்டது. வரும் குறியீடு நான்கு நாள் செல்லும். எண் எடுத்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும், மாற்று சிம் எடுத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் மாநிலத்துக்குள் மூன்று வேலை நாட்களில் எண் மாறும்.

சேவையில் குறை இருந்தால் 198க்கு அழைத்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். புகார் எண் இல்லாத புகார் கணக்கில் வராது. பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குச் செலவில்லாமல் எழுதலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஊருக்கே டவர் இல்லை என்ற மனு என்றால், ஊராட்சித் தீர்மானத்தோடு, எந்தெந்த இடத்தில் சிக்னல் எத்தனை மைனஸ் காட்டுகிறது என்று அளந்து எழுதிய தாளையும் சேர்த்து ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்.