கம்பளி என்று நம்பி அக்ரிலிக்கை வெட்டாதீர்கள்

மார்கழிப் பனியைத் தவிரக் குளிர் என்று சொல்ல எதுவுமில்லாத காவிரிப் படுகையில், ஸ்வெட்டர்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் விட்டுச்சென்றவை, ஊட்டிப் பயணத்துக்கு வாங்கி ஒரே முறை போட்டவை, பழைய துணிக் குவியலில் எடை போட்டு வாங்கியவை எனக் கும்பகோணத்தில் என் தையல் வகுப்புக்கு ஆண்டுதோறும் பை பையாக வந்து சேர்கின்றன. இவற்றை வெந்நீரில் இறுக்கி, வெட்டினாலும் பிரியாத அடர்ந்த துணியான ஃபெல்ட் ஆக்கி, தோரணமும் குத்துவிளக்கு விரிப்பும் கொலுப்படி அலங்காரமும் செய்யக் கற்றுத்தருகிறேன். ஆனால் வருகிற பைகளில் உண்மையான கம்பளி குறைவு; பெரும்பாலானவை அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. இந்த வேறுபாட்டை அறியாமல் கத்தரியை எடுப்பதுதான் நான் காணும் முதல் தவறு.

ஆட்டு மயிரின் மேற்புறத்தில் மீன் செதிலைப் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. வெந்நீரும் சோப்பும் உராய்வும் சேரும்போது இழைகள் நகர்ந்து, அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மீண்டும் பிரியாதபடி இறுகிவிடுகின்றன. பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து வரும் அக்ரிலிக்கில் செதிலே கிடையாது என்பதால், எத்தனை முறை கொதிநீரில் போட்டாலும் அது ஃபெல்ட் ஆகாது. வெட்டிய இடத்திலிருந்து பின்னல் பிரிந்துகொண்டே போகும். 'சூப்பர்வாஷ்' என்று குறித்த கம்பளியும் இறுகாது, ஏனெனில் அதன் செதில்களைத் தேய்த்தோ மூடியோதான் ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள்.

கழுத்துப்பட்டைச் சீட்டு கிழிந்திருந்தால் ஓர் இழையைச் சோதித்துப் பாருங்கள். இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீக்குச்சியைக் காட்டினால், கம்பளி முடி பொசுங்கும் வாடையுடன் கருகி, தீயை விலக்கியதும் பெரும்பாலும் அணைந்துவிடும். அதன் சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக்கோ உருகி எரிந்து, கடைசியில் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். தீ வேண்டாம் என்பவர்கள், துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் இழையை இரவு முழுவதும் ஊறவிடலாம். கம்பளி கரைந்துபோகும், அக்ரிலிக் அப்படியே இருக்கும். அந்தத் திரவத்தோடு கழிவறை கழுவும் அமிலத்தை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருவர், சோதித்துப் பார்க்காத பச்சை ஸ்வெட்டரில் கிளிகள் தைத்துக் கொலுப்படி ஓரத்தில் தொங்கவிட்டார். காற்றில் ஒரு கிளியின் வால் அகல்விளக்கைத் தொட்டது. படித்துணியில் உருகிச் சொட்டிய ஓட்டைகள் மூன்றோடு போயிற்று. பக்கத்தில் ஆள் இருந்ததால் தப்பித்தோம். கம்பளி எளிதில் தீப்பற்றாது என்றாலும் எண்ணெய் ஊறினால் அதுவும் திரியாகிவிடும். ஆகவே நாச்சியார்கோவில் குத்துவிளக்கு தரையைக் கீறாமலிருக்க விரிப்புச் செய்கிறவர்கள், எண்ணெய் சொட்டுவதைத் தாங்கும் தாம்பாளத்தை விளக்குக்கு அடியில் வைத்து, விரிப்பைத் தாம்பாளத்துக்கு அடியில் போடுங்கள்.

பூச்சி இரண்டாவது கவலை. கம்பளியைத் தின்னும் புழு பட்டுத்துணியையும் விடாது. திருபுவனம் புடவை இருக்கிற பீரோவில் பழைய ஸ்வெட்டரை நேரே வைப்பதைப் போன்ற தவறு வேறில்லை. வந்த அன்றே பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிடுங்கள். 60 டிகிரி வெந்நீர்த் துவைப்பில் முட்டையும் புழுவும் மடிந்துவிடும். நாப்தலீன் உருண்டைகளைக் கைக்குழந்தை உள்ள வீட்டில் நான் பரிந்துரைப்பதில்லை; ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும்.

துவைக்கும் முறை எளிது. பொத்தான்களை அகற்றி, ஸ்வெட்டரைத் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் உதிரும் பஞ்சு இயந்திரத்தின் வடிகுழாயை அடைத்துவிடும், இதற்கு நானே பணம் கட்டியிருக்கிறேன். உராய்வுக்காகப் பழைய ஜீன்ஸ் ஒன்றைச் சேர்த்து, வெந்நீர் ஓட்டத்தில் இரண்டு மூன்று முறை சுழலவிடுங்கள். பின்னல் கண்கள் மறைந்து, வெட்டிய ஓரம் பிரியாமல் நின்றால் பதம் வந்துவிட்டது என்று பொருள். சுருக்கம் பெரும்பாலும் நீளவாக்கில்தான் அதிகம் என்பதால், அளவெடுத்து வெட்டுவதை இறுகிய பிறகே செய்யுங்கள். மாவிலைத் தோரணத்துக்கு நிஜ மாவிலையையே படிவமாக வைத்து வெட்டுகிறோம்; ஓரம் மடிக்கத் தேவையில்லை, நடுநரம்புக்கு மட்டும் ஒரு வரி ஓட்டுத்தையல் போதும்.

கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும், தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஐப்பசி மழையில் உலர்த்தப் போட்டால் முடைநாற்றம் எடுக்கும். புரட்டாசிக் கொலுவுக்கு வேண்டியதை ஆடிக் காற்றிலேயே காயவைத்து எடுத்துவிடுங்கள்.