முதல் சொம்புத் தண்ணீரும் முதல் ஒலிம்பிக் தங்கமும்

"ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடப்பவர்கள் உடம்பில் கிரீஸ் என்னும் கொழுப்புப் பசையைப் பூசிக்கொள்கிறார்களே, அது குளிரைத் தடுக்குமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு உடனே ஆல்ஃபிரெட் ஹாயோஷ் ஞாபகம்தான் வந்தது.

1896 ஏப்ரல் 11, முதல் நவீன ஒலிம்பிக். நீச்சல்குளமெல்லாம் கிடையாது. ஏதென்ஸை அடுத்த பிரேயஸின் ஸேயா வளைகுடாதான் களம், தண்ணீர் சுமார் 13 டிகிரி. ஹாயோஷ் புடாபெஸ்டிலிருந்து வந்த 18 வயது மாணவர். 13 வயதில் டான்யூப் ஆற்றில் தந்தையைப் பறிகொடுத்தவர். 100 மீட்டரை 1 நிமிடம் 22.2 நொடியில் நீந்தி வென்றார்.

அந்த 82 நொடிகளைத்தான் கவனிக்க வேண்டும். மார்கழி விடியற்காலையில் முதல் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது "ஹா!" என்று மூச்சை இழுக்கிறோமே, யாராவது யோசித்தா செய்கிறோம்? தோல் சட்டென்று குளிர்ந்ததும், அங்குள்ள குளிர் உணரும் நரம்பு நுனிகள் கூட்டமாக மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்புகின்றன. சுவாசத்தை நடத்தும் மையம் நம்மைக் கேட்காமலே ஒரு பெருமூச்சை இழுக்க வைக்கிறது. தொடர்ந்து நாய் இளைப்பதுபோல் மூச்சு வாங்கும். தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், இதயம் படபடக்கும். வீட்டு முற்றத்தில் இதெல்லாம் வேடிக்கை. தலை நீருக்குள் இருக்கும்போது அந்த ஒரு மூச்சு வந்தால் நுரையீரலுக்குள் போவது கடல்நீர். நல்ல நீச்சல்காரர்களும் குளிர்ந்த நீரில் விழுந்த சில நிமிடங்களில் மூழ்கிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உடல் விறைத்துப்போக அவ்வளவு சீக்கிரம் நேரமே இல்லை.

இந்த அதிர்ச்சி முதல் நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும். ஆக, ஹாயோஷின் 100 மீட்டர் பந்தயம் முழுக்க அதற்குள்ளேயே முடிந்துவிட்டது!

அன்றே 1200 மீட்டரும் நீந்தினார். 18 நிமிடம் 22.2 நொடி, அதிலும் முதலிடம். இங்கே எதிரி வேறு. நேரம் ஆக ஆகக் கைகால் நரம்பும் தசையும் குளிர்ந்து, சொன்னபடி கேட்காது. 100 மீட்டரில் பட்ட பாட்டில் புத்தி வந்து, இந்தப் போட்டிக்கு அரை அங்குலத்துக்கு கிரீஸ் பூசிக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார். அப்படியும், வெல்லும் ஆசையைவிட உயிர் பிழைக்கும் ஆசையே தன்னை ஓட்டியதாம்.

சரி, கிரீஸ் உதவியதா? கொழுப்பு வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர் கடத்துவதில் மூன்றிலொரு பங்குதான். தாளில் கணக்குப் போட்டால் பிரமாதம். ஆனால் கைவீச்சிலும் அலையிலும் பூச்சு வழிந்து மெலிந்துவிடும். இன்றைய கால்வாய் நீச்சல்காரர்கள் அக்குளிலும் கழுத்திலும் பூசுவது பெரும்பாலும் தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்கத்தான். குளிர் அதிர்ச்சிக்கு நல்ல மருந்து பழக்கம்: ஐந்தாறு முறை, சில நிமிடங்கள் குளிர்நீரில் இறங்கினாலே அது கணிசமாகக் குறைகிறது. தனியாக மட்டும் முயல வேண்டாம்.

ஹாயோஷ் அப்புறம் கட்டடக் கலைஞர் ஆனார். 1930இல் புடாபெஸ்டின் மார்கரெட் தீவில் அவர் வடிவமைத்த நீச்சல்குளம் எழுந்தது. கூரை போட்ட குளம்.