ஈயத்தைவிடக் கனமான அணு, ஆனாலும் வாயு

லேசான அணு என்றால் வாயு, கனமான அணு என்றால் திடப்பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஹைட்ரஜன் அணுவின் நிறையை 1 என்று வைத்தால், லித்தியம் அணுவின் நிறை 7தான்; ஆனால் அது கத்தியால் வெட்டக்கூடிய உலோகம். ரேடானின் நிறை 222, ஈயத்தின் 207ஐ விட அதிகம். ஆனால் அது வாயு.

அறை வெப்பநிலையில் வாயுவாக இருக்கும் தனிமங்கள் 11. ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஃபுளூரின், குளோரின், அப்புறம் ஹீலியம் முதல் ரேடான் வரையிலான 6 மந்த வாயுக்கள். பக்கத்தில் இருப்பதை இழுத்துப் பிடிக்க இவற்றிடம் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஈய அணுக்கள் வெளி எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துச் சேர்ந்திருக்கின்றன. ரேடானின் வெளிக்கூடு நிரம்பிவிட்டதால் அதற்குக் கூட்டு தேவையில்லை.

கார்பனும் நைட்ரஜனும் தனிம அட்டவணையில் அடுத்தடுத்து இருப்பவை; ஒரே ஒரு எலக்ட்ரான்தான் வித்தியாசம். கார்பனுக்கு 4 பிணைப்புகள் வேண்டும். இரண்டு அணுக்கள் மட்டும் சேர்ந்து அதை முடித்துக்கொள்ள முடியாது. அதனால் ஒவ்வொரு அணுவும் நாலு பக்கமும் பிடிக்கிறது, பிடிபட்டது அடுத்ததைப் பிடிக்கிறது, கடைசியில் படிகம் முழுவதும் ஒரே பிணைப்பு வலை. வைரம் அப்படித்தான் உருவாகிறது. நைட்ரஜனுக்கு 3 போதும். இரண்டு அணுக்கள் தங்களுக்குள் முப்பிணைப்பு போட்டுக்கொண்டால் கணக்கு தீர்ந்தது.

வாயு என்றாலே பிணைப்பு பலவீனம் என்று நினைத்துவிடக் கூடாது. நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு (அதாவது சுமார் 28 கிராம் நைட்ரஜனுக்கு) சுமார் 945 கிலோஜூல் வேண்டும். அவ்வளவு வலுவான பிணைப்புகள் வேதியியலில் குறைவு. ஆனால் திரவ நைட்ரஜன் கொதிக்கும்போது அந்தப் பிணைப்புக்கு ஒன்றுமே ஆவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் போதும், அதற்கு 6 கிலோஜூல்கூட ஆகாது. அதனால்தான் −196 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. நம் அறையில் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பறக்கும் மூலக்கூறை இந்தச் சின்ன ஈர்ப்பால் நிறுத்த முடியாது.

சரி, இந்தச் சின்ன ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? 1930ல் ஃபிரிட்ஸ் லண்டன் என்ற இயற்பியலாளர் குவாண்டம் இயற்பியலை வைத்து இதை விளக்கினார். எலக்ட்ரான் மேகம் ஒரு கணம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அந்தப் பக்கத்தில் எதிர்மின்னூட்டம் கொஞ்சம் கூடும். அது பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களைத் தள்ளிச் சாய்க்கும். இரண்டும் லேசாக ஈர்த்துக்கொள்ளும். மேகம் பெரிதாக இருந்தால் சாய்வது எளிது, ஈர்ப்பும் அதிகம்.

ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் அடங்கிய ஹாலஜன் குடும்பத்தில் இது எவ்வளவு அழகாகத் தெரிகிறது! ஃபுளூரின் −188 டிகிரியில் கொதிக்கும், குளோரின் −34ல். புரோமின் 59ல்தான் கொதிக்கும் என்பதால் அறையில் செம்பழுப்பு நிறத் திரவமாக இருக்கிறது. அயோடின் திடமாகவே இருக்கிறது. நான்குமே ஈரணு மூலக்கூறுகள்தான். எலக்ட்ரான்கள் மட்டும் 18, 34, 70, 106 என்று ஏறுகின்றன.

ஹீலியத்திடம் இருப்பது 2 எலக்ட்ரான்கள், அவையும் அணுக்கருவோடு இறுகிக் கிடப்பவை. 1908ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸ் அதைத் திரவமாக்க −269 டிகிரி வரை குளிர்விக்க வேண்டியிருந்தது. திரவமான பிறகும், சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் அது உறையாது; வளிமண்டலத்தைப் போல் சுமார் 25 மடங்கு அழுத்தம் கொடுத்தால்தான் திடமாகும்.