“இதுவா உங்க பர்ஸ்?” என்று மட்டும் கேட்காதீர்கள்

தீபாவளிக்கு முந்தின வாரம் மதுரையில் ஜவுளிக்கடைப் பக்கம் கால் வைக்க முடியாது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு கடையின் பில் போடும் மேஜையில் ஓர் அம்மா தன் கைப்பர்ஸை வைத்துவிட்டு, துணிப் பைகளை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பர்ஸுக்குள் அன்று மதியம்தான் வங்கியில் நகைக்கடனைக் கட்டி மீட்டு வந்த இரண்டு பவுன் செயின், கொஞ்சம் ரொக்கம், ஏடிஎம் கார்டு. பில் போட்ட பெண் அதைப் பார்த்து, நேர்மையாக எடுத்து சூப்பர்வைசரிடம் கொடுத்தார். அவர் கல்லாவுக்குக் கீழே வைத்தார். இதுவரைக்கும் யார் மேலும் ஒரு குறையும் இல்லை.

கால் மணி நேரம் கழித்து ஒருவர் வந்து, “எங்க வீட்டுல பர்ஸை இங்கே விட்டுட்டாங்க” என்றார். சூப்பர்வைசர் குனிந்து பர்ஸை எடுத்து, நன்றாகத் தெரியும்படி தூக்கிக் காட்டி, “இதுவா சார்?” என்று கேட்டார். இதுக்கு என்ன பதில் வரும் என்று நினைக்கிறீர்கள்? “ஆமா, இதேதான்” என்று வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அந்த அம்மா பஸ் ஸ்டாண்டு வரை போய் விஷயம் தெரிந்து ஓடி வந்தபோது, “இப்பதானேம்மா உங்க வீட்டுக்காரர் வந்து வாங்கிட்டுப் போனாரு” என்று சொல்லியிருக்கிறார்கள். அவருடைய வீட்டுக்காரர் பக்கத்திலேயே இரண்டு கையிலும் கட்டைப்பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

இவர்கள் வக்கீலான என்னிடம் வந்த பிறகு (யார் என்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்) நான் கடை முதலாளியிடம் பேசினேன். கெட்ட மனிதர் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி போலவே இருந்தது: “மேடம், மறந்து வெச்சது அவங்க. எங்க பொண்ணு எடுத்துப் பத்திரப்படுத்துச்சு. தொடாம விட்டிருந்தா எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான், அப்ப எங்களைக் கேட்டிருப்பீங்களா? நல்லது செஞ்சதுக்கு நோட்டீஸா?”

தொடாமல் விட்டிருந்தால் கதை வேறுதான். பெரும்பாலும் கடையைக் கேட்டிருக்க முடியாது. ஆனால் எடுத்தீர்களே, அங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-வது பிரிவு, அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவருக்கு, அந்தப் பொருளை நம்பி ஒப்படைக்கப்பட்டவருக்கு இருக்கிற அதே பொறுப்பு உண்டு என்று சொல்கிறது. யாரும் உங்களிடம் கொடுத்து வைக்கவில்லை, கூலி வாங்கவில்லை என்பதெல்லாம் சரி, ஆனாலும் பொறுப்பு வந்துவிடுகிறது. எவ்வளவு பொறுப்பு என்பதை 151-வது பிரிவு சொல்கிறது. சாதாரண முன்யோசனை உள்ள ஒருவர் அதே மாதிரி, அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், உயிரைக் கொடுத்துக் காக்கச் சொல்லவில்லை. முதலாளியிடம் நான் கேட்டதும் இதைத்தான்: “உங்க பர்ஸை ஒருத்தர் வந்து கேட்டா, உங்க ஆளு இப்படித் தூக்கிக் கொடுத்தா சும்மா இருப்பீங்களா?”

இதற்கு லண்டனில் 1915-ல் தீர்ப்பான பழைய வழக்கு ஒன்று உண்டு. சட்டக் கல்லூரியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். நியூமன் என்ற பெண்மணி ஒரு பெரிய கடையில் கோட் போட்டுப் பார்க்கும்போது, குத்தியிருந்த ப்ரூச் நகையைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டு மறந்துபோனார். கடை ஆள் கண்டெடுத்து மேலாளரிடம் தந்தார், அவர் ஒரு மேஜைக்குள் போட்டு வைத்தார். திங்கட்கிழமை பார்த்தால் காணோம். மறந்தது அந்தப் பெண்மணிதான், இருந்தும் எடுத்து வைத்த பிறகு ஒழுங்காகக் காக்கவில்லை என்று கடை மேல்தான் பொறுப்பு விழுந்தது. அங்கே மேஜைக்குள்ளிருந்து காணாமல் போனது. இங்கே கடையின் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள், இது அதைவிட மோசம்.

அப்புறம் அந்த போர்டு. “வாடிக்கையாளர் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.” நிறையக் கடைக்காரர்கள் இதை மந்திரத் தகடு மாதிரி நம்புகிறார்கள். 1998-ல் டெல்லி தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் நிறுத்தி வைக்கச் சொல்லி ஓட்டல் ஆளிடம் காரைக் கொடுத்தார். ராத்திரி ஒரு மணிக்கு வெளியே வந்து கேட்டால், வேறொருவர் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். வாகனத்துக்குக் கொடுத்த டோக்கனில் “சொந்தப் பொறுப்பில்” என்று அச்சடித்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் முடிந்தது. இத்தனை வருடத்தில் கார் பழைய இரும்பாகியிருக்கும், அது தனிக் கதை. தன் ஆட்களின் கவனக்குறைவுக்கு அந்த அச்சு வரியைக் காட்டித் தப்ப முடியாது என்றும், ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டோம் என்பதை ஓட்டல்தான் முதலில் காட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அது ஓட்டலைப் பற்றிய தீர்ப்புதான். ஆனால் அது நிற்பது நான் மேலே சொன்ன அதே 151-வது பிரிவின் மேல். அதனால் போர்டை மாட்டிக்கொள்ளுங்கள், தடையில்லை, அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

எங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் முடித்து வைத்தது சிசிடிவி. சத்தம் பதிவாகாத கேமராதான். ஆனால் சூப்பர்வைசர் பர்ஸைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவதும், அந்த ஆள் தலையாட்டுவதும், கை நீட்டி வாங்குவதும் அப்படியே தெரிந்தது. பத்து விநாடிகூட இல்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பார்த்தால், பில் போட்ட பெண் பர்ஸை எடுக்கும்போது அதே ஆள் அடுத்த வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு பர்ஸின் நிறம்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது. உள்ளே ஏடிஎம் கார்டு இருந்தது, அதில் பெயர் இருந்தது. “உங்க வீட்டம்மா பேர் என்ன சார்?” என்று ஒரு கேள்வி போதும். கேட்கவில்லை.

அதனால் கடைக்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, பொருளை வெளியே எடுக்காதீர்கள் என்பதைத்தான். கல்லாவுக்குக் கீழேயே இருக்கட்டும். வந்தவர் சொல்லட்டும், நீங்கள் சரிபாருங்கள். என்ன நிறம், எத்தனை ஜிப், உள்ளே என்ன, எந்த நேரம், எந்த கவுண்டர். செல்போன் என்றால் லாக்கை எடுக்கச் சொல்லுங்கள், அல்லது இன்னொரு போனிலிருந்து அந்த எண்ணுக்கு அடிக்கச் சொல்லுங்கள். கண்டெடுத்தவுடனே இரண்டு பேர் சேர்ந்து திறந்து பார்த்து, ரொக்கத்தை எண்ணி, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அது உங்களுக்கும் பாதுகாப்பு. இல்லையென்றால் நாளைக்கு “இருபதாயிரம் இருந்துச்சு” என்று ஒருவர் நிற்பார். கொடுக்கும்போது அடையாள அட்டையை ஒரு போட்டோ, கைப்பேசி எண், கையெழுத்து. நிஜமான சொந்தக்காரர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். என் அனுபவத்தில் அவசரப்படுத்துகிறவர், “என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?” என்று சத்தம் போடுகிறவர், இவர்களிடம்தான் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். இரண்டு பேர் வந்து இருவருமே என்னுடையது என்றால் நீங்கள் நாட்டாமை செய்ய வேண்டாம், பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பை வைக்கும் கவுண்டரில் நிலைமை இன்னும் இறுக்கம், ஏனென்றால் அங்கே மறந்து வைக்கவில்லை, நீங்களே வாங்கி டோக்கன் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். பாதிப் பைகள் ஒரே கடையின் ஒரே நிறக் கட்டைப்பைகள், கவுண்டர் பையன் நம்பரைப் பார்க்காமல் “மஞ்சள் பையா? இந்தாங்க” என்று நீட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பொருளைத் தொலைத்தவர்களுக்குச் சில வார்த்தைகள். அழுது முடிப்பதற்கு முன்னால் கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், குறிப்பிட்ட நேரத்துக் காட்சியை அழிக்காமல் வையுங்கள் என்று. சிசிடிவி பெட்டி இடம் நிறைந்ததும் பழையதன் மேலேயே தானாக எழுதிக்கொண்டு போகும், அதற்கு உங்கள் கஷ்டம் தெரியாது. போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள். பொய் சொல்லி வாங்கிக்கொண்டு போனவர் மேல் இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றியதற்கு 318-வது பிரிவு இருக்கிறது. ஏமாற்றாமல் வெறுமனே கண்டெடுத்து, நேர்மையில்லாமல் தனதாக்கிக் கொண்டாலே 314-ன்படி குறைந்தது ஆறு மாதம் சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் இந்தக் குறைந்தபட்ச அளவு கிடையாது. கடை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வாடிக்கையாளர் என்று காட்ட அதுதான் கையில் இருக்கும் சான்று. கடையில் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், உள்ளே என்ன இருந்தது என்று நிரூபிப்பது. செயின் விஷயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். நகையைத் திருப்பித் தந்ததற்கு வங்கி கையெழுத்து வாங்கியிருந்தது, அதில் 16 கிராம் என்று எடை, அன்றைய தேதி எல்லாம் இருந்தது. நோட்டீஸ் போன பிறகு முதலாளி வழக்கு வரை இழுக்கவில்லை, அன்றைய விலைக்கு செயினின் மதிப்பைக் கொடுத்துவிட்டார். ரொக்கத்துக்கு எங்களிடம் காகிதம் எதுவும் இல்லை. அதில் பேசிப் பேசிப் பாதிதான் வந்தது. சூப்பர்வைசர் சம்பளத்தில் இதைப் பிடிக்கப்போவதாக முதலாளி சொன்னபோது, யாருக்கும் சொல்லித்தராத வேலையில் தவறு செய்ததற்கு அவரைப் பிடித்து என்ன பயன் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பிடித்தாரா இல்லையா என்று நானும் பிறகு கேட்கவில்லை.