இடம் பறிபோன பிறகு ‘ஸ்டே’ எதற்கு?

“சார், ஒரு ஸ்டே போட்டுக் குடுங்க. பட்டா என் பேர்லதான் இருக்கு.” நிலத் தகராறோடு வழக்கறிஞர் அலுவலகப் படியேறுகிறவர்களில் பெரும்பாலோர் பேச்சைத் தொடங்குவது இப்படித்தான். இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், “அவன்தான் சார், நாலு மாசத்துக்கு முன்னாடியே கம்பி வேலி போட்டுட்டான்” என்று பதில் வருகிறது. நாலு மாதமாக என்ன செய்தீர்கள் என்றால் காவல் நிலையம், தாசில்தார், ஊர்ப் பெரியவர்கள் என்று ஒரு பட்டியல். இதைக் கேட்கும்போதெல்லாம் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வருகிறது.

நீங்கள் ‘ஸ்டே’ என்று கேட்பது உண்மையில் இடைக்கால உறுத்துக் கட்டளை. இன்ஜங்ஷன் என்றால் எல்லோருக்கும் புரியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 1, 2-இன் கீழ் கேட்பது. தாவா, அதாவது வழக்கு, போடும் நாளில் இடத்தைச் சுவாதீனத்தில், அதாவது கைவசத்தில், வைத்திருப்பவரை எதிராளி தொந்தரவு செய்யக் கூடாது என்று தடுப்பதுதான் அதன் வேலை. வெளியே தள்ளப்பட்டவரை உள்ளே கொண்டுபோய் உட்கார வைக்க அது உதவாது. அப்படி மீட்டுத் தரும் இடைக்கால உத்தரவும் சட்டத்தில் உண்டு, ஆனால் அது மிக அபூர்வம். அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

அடுத்தது பட்டா. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. பட்டா என்பது தீர்வை யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வருவாய்த்துறை வைத்திருக்கும் பதிவு. உரிமை வருவது கிரயம், தானம், உயில், பாகப்பிரிவினை, வாரிசு வழியில். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பதிவில் பெயர் மாறிப்போய், இன்றுவரை யாரும் திருத்தாத பட்டாக்கள் கிராமத்துக்குக் கிராமம் இருக்கின்றன. தாத்தா இறந்து இருபது வருடமாகியும் அவர் பெயரிலேயே ஓடும் பட்டாக்களும் அப்படித்தான். பட்டா பயனற்றது என்று சொல்ல வரவில்லை. மற்ற ஆதாரங்களோடு சேரும்போது அதற்கு மதிப்பு உண்டு. தனியாக அதை மட்டும் நீட்டினால் உரிமையும் நிரூபணமாகாது, சுவாதீனமும் நிரூபணமாகாது. கிரயப் பத்திரமும் இந்த விஷயத்தில் முழுத் துணை கிடையாது. “சுவாதீனம் இன்றே ஒப்படைக்கப்பட்டது” என்று எல்லாப் பத்திரத்திலும்தான் எழுதியிருக்கிறது, உள்ளே வாடகைதாரர் குடியிருக்கும்போதுகூட.

இடைக்கால மனுவில் சாட்சிக் கூண்டு விசாரணை பெரும்பாலும் நடப்பதில்லை. பிரமாணப் பத்திரத்தையும் காகிதங்களையும் வைத்தே நீதிபதி முடிவெடுக்கிறார். ஆகவே காகிதம் பேச வேண்டும். விவசாய நிலமென்றால் கடைசி மூன்று பசலிக்கான (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) அடங்கல் (யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவேடு), தீர்வை ரசீது, பம்புசெட் மின் இணைப்பு அட்டை, கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் விவரம். பசலி ஜூலை 1-இல் தொடங்குகிறது. தகராறு ஆகஸ்டில் வந்தால் நடப்புப் பசலிக்கு அடங்கலில் எதுவுமே ஏறியிருக்காது. முந்தைய பசலிகளைக் கட்டாயம் வாங்குங்கள். வீடென்றால் வீட்டு வரி, மின் கட்டணம், குடிநீர் ரசீது. இவற்றில் தாவாவுக்கு முந்தைய ஆறு மாதத்து ரசீதுக்குத்தான் எடை அதிகம். 1998-ஆம் வருடத்து ரசீது ஒன்றைப் பத்திரமாக லேமினேட் செய்து கொண்டு வந்து பயனில்லை.

காலிமனைதான் பெரும்பாடு. அங்கே யாரும் குடியிருப்பதில்லை, பயிரும் இல்லை. அதனால்தான் காலிமனையில் உரிமை யாருக்கோ அவரிடமே சுவாதீனமும் இருப்பதாகக் கொள்ளும் கோட்பாடு இருக்கிறது. 2008-இல் அனத்துலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொன்னது. அதே தீர்ப்பு சொன்ன இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்கள் உரிமையையே எதிராளி நியாயமான ஆதாரத்தோடு மறுக்கிறார் என்றால் வெறும் உறுத்துக் கட்டளை தாவா போதாது, உரிமை விளம்புகையும் (உரிமை உங்களுக்கே என்று நீதிமன்றம் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம் குறையும் என்பதற்காக விளம்புகையை விட்டுவிட்டு, பல வருடம் கழித்து அந்த ஒரு காரணத்தாலேயே தோற்கிறார்கள். தயவுசெய்து இந்தச் சிக்கனம் வேண்டாம்.

இனி சொத்து விவரம். பாதி மனுக்கள் சரிவது இங்கேதான். பத்திரத்தில் சர்வே எண் 112/3, 14 சென்ட் என்று இருக்கும். அதன்பின் உட்பிரிவாகி, உங்கள் பாகம் 112/3ஏ-வாகவும் பக்கத்துக்காரருடையது 112/3பி-யாகவும் ஆகியிருக்கும். பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே டைப் அடித்துத் தாக்கல் செய்தால், “நான் வேலி போட்டது 3பி-யில், வாதி சொல்லும் இடமே வேறு” என்று எதிராளி ஒரே வரியில் தப்பித்துவிடுவார். நான்கெல்லையில் “வடக்கே முனியன் நிலம்” என்று இருந்தால், அந்த முனியன் விற்று மூன்று கை மாறியிருக்கும். சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் எஃப்.எம்.பி. வரைபடம் வாங்கி, இன்றைய நான்கெல்லை, இன்றைய உட்பிரிவு, மீட்டரில் நீள அகலம் எல்லாம் எழுதுங்கள். ஒரு ஏர் 2.47 சென்ட். பட்டாவில் ஏரிலும் பத்திரத்தில் சென்டிலும் இருக்கும் அளவுகள் ஒத்துப்போகிறதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இடத்தைப் பார்த்துவர நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை அனுப்பினால் யார் சுவாதீனத்தில் இருக்கிறார் என்று எழுதித் தந்துவிடுவார் என்ற எண்ணமும் தவறு. வேலி இருக்கிறதா, சுவர் எவ்வளவு உயரம், அஸ்திவாரம் புதிதா என்று கண்ணால் கண்டதை மட்டும்தான் அவர் எழுதலாம்.

எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பாமலே உத்தரவு வாங்க முடியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செங்கல் இறக்குகிறவர்களும், மே மாத விடுமுறைக்காகக் காத்திருப்பவர்களும் இருக்கும்வரை அது தேவையும்கூட. ஆனால் அதே கட்டளை 39-இன் விதி 3-ஐ மறக்கக் கூடாது. உத்தரவு கிடைத்த உடனே மனு, பிரமாணப் பத்திரம், பிராது (வழக்குரை), ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் எதிராளியிடம் கொடுக்க வேண்டும், அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டேன் என்று அன்றைக்கோ மறுநாளோ நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் உத்தரவு நகலை மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு, கிடைத்த உத்தரவையே இழந்தவர்கள் உண்டு. முந்தைய வழக்கு, பழைய ஒப்பந்தம், பங்காளி பெயர் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் வழக்கின் மற்ற பலமெல்லாம் அதோடு போய்விடும்.

நாலு மாதம் கடந்துவிட்டவருக்கு வழி இல்லையா? இருக்கிறது. குறித்த நிவாரணச் சட்டம், 1963, பிரிவு 6. சம்மதமின்றி, சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டால், அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாவா போட்டு இடத்தைத் திரும்பக் கேட்கலாம். உரிமை யாருக்கு என்ற கேள்வியே அதில் எழாது. நீங்கள் இருந்தீர்கள், அடாவடியாக வெளியேற்றப்பட்டீர்கள் என்பது மட்டும் போதும். அரசுக்கு எதிராக மட்டும் இந்தப் பிரிவு பயன்படாது. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான சான்று) வாங்கியதாலோ, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு நிலுவையில் இருப்பதாலோ இந்த ஆறு மாதக் கணக்கு நிற்காது. ஒரு நாள் தவறினாலும் தவறியதுதான். அதன்பின் உரிமையை நிரூபித்து, சந்தை மதிப்புக்குக் கட்டணம் கட்டி, முழு நீள சுவாதீன வழக்குதான் நடத்த வேண்டும். அதற்குப் பொதுவாக 12 ஆண்டு வரை காலம் உண்டு என்பது ஆறுதல்தான். ஆனால் வழக்கு முடியும்வரை இடத்தில் இருக்கப்போவது அவர்.

காவலுக்கு வைத்த ஆளும், இரக்கப்பட்டு இடம் கொடுத்த உறவினரும் எத்தனை வருடம் இருந்தாலும் அதனாலேயே உரிமை கோர முடியாது. 2012-இல் மரியா மார்கரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே அந்த வீட்டு மின் இணைப்பையும் வரியையும் அவர்கள் பெயருக்கு மாற்ற விடாதீர்கள்.

உத்தரவு வாங்கிய பிறகும் எதிராளி மீறினால், பத்து ஆட்களோடு போய் வேலியைப் பிடுங்காதீர்கள். அடுத்த நாளே நீங்கள் குற்ற வழக்கில் எதிரியாகிவிடுவீர்கள். கட்டளை 39, விதி 2ஏ-யின் கீழ் மனு போடுங்கள். மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யவும், மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தேவைப்பட்டால் காவல் பாதுகாப்பும் கேட்கலாம். அதற்கு எதிராளிக்கு உத்தரவு எந்தத் தேதியில் தெரிய வந்தது என்பதும், மீறியது எந்தத் தேதி என்பதும் கையில் இருக்க வேண்டும். தபால் ஒப்புகை அட்டையைத் தொலைக்காதீர்கள். படம் எடுக்கும்போது பக்கத்து வீட்டுச் சுவரோ மின்கம்பமோ படத்துக்குள் தெரியும்படி எடுங்கள், இல்லாவிட்டால் வெறும் மண்ணும் கல்லும் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. எடுத்த போனை மாற்றாதீர்கள், படத்தை அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழைக் கொடுக்க அது தேவைப்படும்.