விடுதலை உத்தரவுக்குப் பின்னும் சிறை: ஏமன் யூதருக்காக நம் அரசு பேச வேண்டும்

சிறைக் கைதிகளுக்காக வழக்காடுபவன் என்பதால், பிணை கிடைத்த நாளின் மாலைப்பொழுதை நான் நன்கறிவேன். உத்தரவு நகல், மாலையில் கைதிகளை அறைகளில் அடைக்கும் லாக்கப் நேரத்துக்குள் சிறைக்குப் போய்ச் சேராவிட்டால், மாற்று உடுப்போடு வாசலில் காத்திருக்கும் தாய், "நாளைக்கு வாங்கம்மா" என்று காவலர் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிடுவார். அந்த ஓர் இரவைக்கூட நியாயப்படுத்த முடியாது என்று வாதிடுகிற எனக்கு, ஏமன் நாட்டு யூதரான லெவி மர்ஹபியின் வழக்கு உறக்கத்தைக் கெடுக்கிறது.

2016 மார்ச்சில் ஏமன் யூதர் 19 பேர், தலைமுறைகளாகக் காத்துவந்த பழமையான தோரா (யூத மறைநூல்) சுருள் ஒன்றோடு இஸ்ரேல் சென்று சேர்ந்தனர். அந்தச் சுருள் வெளியேற உதவினார் என்று குற்றஞ்சாட்டி, ஏமனின் வடபகுதியை ஆளும் ஆயுத இயக்கத்தினரான ஹூதிகள் மர்ஹபியைத் தலைநகர் சனாவில் சிறைப்பிடித்தனர். அவர்களது ஆளுகையில் உள்ள நீதிமன்றமே 2019 செப்டம்பரில் அவரை விடுவிக்க உத்தரவிட்டது. 2020 நவம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை, அவர் உடல்நலம் குன்றிவருவதைச் சுட்டி, விடுவிக்கும்படி வெளிப்படையாகக் கோரியது. உத்தரவு வந்து ஆண்டுகள் பல கடந்தும் அவர் வீடு திரும்பவில்லை.

இது தனி ஒருவருக்கு நேர்ந்த அநீதி மட்டுமன்று. 1949, 1950 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 யூதர் ஏமனிலிருந்து இஸ்ரேலுக்கு விமானங்களில் ஏற்றிச் செல்லப்பட்ட பின், எஞ்சியோர் சில ஊர்களில் வாழ்ந்துவந்தனர். 2007இல் வட ஏமனின் சாதா என்னும் பகுதியில் வாழ்ந்த யூதர்களை ஹூதிகள் மிரட்டி விரட்டினர். 2008 டிசம்பரில் ரைதா ஊரில் யூத ஆசிரியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். "யூதர்கள் மீது சாபம்" என்ற வரியைக் கொடியிலேயே எழுதிவைத்திருக்கும் ஓர் இயக்கத்தின் ஆட்சியில், இன்று அங்கே ஒரு சமூகம் என்று சொல்லவே ஆளில்லை.

"அவர் நம் குடிமகன் அல்லரே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சட்டப்படி அது உண்மைதான். தூதரகப் பாதுகாப்பு கோரும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் மனிதாபிமான அடிப்படையில் வேண்டுகோள் விடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. வழியும் புதியதன்று: ஏமனின் துறைமுக நகரான ஏடனில் 2016 மார்ச்சில் கடத்தப்பட்ட கேரளப் பாதிரியார் 2017 செப்டம்பரில் மீண்டது ஓமனின் உதவியால்தான். கடத்தியவர்கள் ஹூதிகள் அல்லர் என்றாலும், ஹூதிகளோடும் பேசக்கூடிய நாடு அதே ஓமன். தவிர, ஹூதிகள் ஒருபோதும் இறங்கிவர மாட்டார்கள் என்பதும் சரியன்று. 2020 ஜூலையில் பஹாய் சமயத்தினர் 6 பேரை, மரண தண்டனை விதிக்கப்பட்டவர் உட்பட, அவர்கள் விடுவித்தனர்.

ஆகவே, ஓமன் தலைநகர் மஸ்கட் வழியாக இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கும்படி வெளியுறவு அமைச்சகத்துக்கு மனு எழுதியிருக்கிறேன்: வெளி மருத்துவர் ஒருவர் அவரை உடனே பரிசோதிக்க அனுமதி, 2019 உத்தரவை அப்படியே நிறைவேற்றுதல். நீங்களும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். அவரது பெயரையும், 2019 செப்டம்பர் என்ற அந்த மாதத்தையும் கடிதத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள்.